மாத்திரை ஏன் கேட்க மாட்டேன் என்கிறது?

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர் பக்கம் எந்த மெடிக்கல் வாசலில் கால் மணி நேரம் நின்றாலும் இந்தப் பேச்சு காதில் விழும். "தம்பி, போன மாசம் குடுத்த மாத்திர இந்தத் தடவ கேக்கல. உடம்புக்குப் பழகிருச்சு போல. பவர் கூட்டிக் குடு." கேட்பவர் வயதான ஆச்சியாக இருந்தால் கடைக்காரருக்கு மறுக்க மனம் வராது. "சீட்டு இருக்கா ஆச்சி?" என்று பேருக்கு ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, அட்டையில் நாலு மாத்திரையைக் கத்தரித்துக் கவரில் போட்டுக் கொடுத்துவிடுவார்.

"உடம்புக்குப் பழகிருச்சு" என்ற சொல்லில்தான் சிக்கல் தொடங்குகிறது. தலைவலி மாத்திரையும் பிரஷர் மாத்திரையும் நம் உடம்பின் மேல் வேலை செய்பவை. ஆன்டிபயாடிக் அப்படியல்ல. அது உடம்புக்குள் புகுந்திருக்கும் பாக்டீரியாவைக் கொல்லும், அல்லது பெருகவிடாமல் தடுக்கும். மருந்துக்குப் பழகுவது அந்தப் பாக்டீரியாதான். இந்த ஒரு திருத்தத்தை மனதில் வாங்கிக்கொண்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கும். உடம்பு பழகியிருந்தால் அது அவரோடு முடிந்துவிடும். கிருமி பழகியிருந்தால் அது கைமாறும். வாழ்நாளில் ஒரு ஆன்டிபயாடிக்கும் சாப்பிடாத பச்சைக் குழந்தைக்கும், எந்த மருந்துக்கும் மசியாத கிருமி வந்து சேரலாம். தொட்ட கையிலிருந்து, ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து, கறி வெட்டிய கத்தியிலிருந்து.

ஒன்று எப்படிக் கோடியாகிறது

நம் குடலில் வாழும் இ.கோலை என்ற பாக்டீரியா, சூடும் சாப்பாடும் சரியாக அமைந்தால் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டாகப் பிரியும். இரவு 8 மணிக்கு ஒன்றே ஒன்று இருந்தால், விடிகாலை 4 மணிக்கு 24 முறை இரட்டித்து 1 கோடியே 67 லட்சத்தைத் தாண்டிவிடும். உடம்புக்குள் எப்போதும் இந்த வேகம் கிடைக்காது என்றாலும், எண்ணிக்கை எந்த அளவில் ஓடுகிறது என்பதற்கு இது போதும்.

ஒவ்வொரு முறை பிரியும்போதும் மரபுக் குறிப்பை நகல் எடுக்க வேண்டும். அதில் எங்காவது ஒரு எழுத்துப் பிழை விழும். பெரும்பாலான பிழைகளால் கிருமிக்கு லாபமில்லை. எப்போதோ ஒரு பிழை, ஒரு மருந்திலிருந்து தப்பிக்கும் வழியாக அமைந்துவிடுகிறது. காசநோய்க் கிருமியை எடுத்துக்கொண்டால், ஐசோனியாசிட் மருந்துக்குத் தப்பும் பிழை சுமார் 10 லட்சத்தில் ஒன்றுக்கும், ரிஃபாம்பிசினுக்குத் தப்பும் பிழை சுமார் 10 கோடியில் ஒன்றுக்கும் இயல்பாகவே இருக்கும். இரண்டும் ஒரே கிருமியில் தற்செயலாகச் சேருவது கோடி கோடியில் ஒன்று. காசநோய்க்கு முதல் 2 மாதம் 4 மருந்தும், அடுத்த 4 மாதம் 3 மருந்தும் சேர்த்துக் கொடுப்பதன் கணக்கு இதுதான். ஒரு மருந்தை மட்டும் விழுங்கினாலோ, இடையில் விட்டு விட்டுச் சாப்பிட்டாலோ இந்தக் கணக்கு உடைந்துபோகிறது.

இதில் மருந்து செய்வது களையெடுப்பு. ஆனால் தலைகீழான களையெடுப்பு. வயலில் நெல்லை எல்லாம் பிடுங்கிப் போட்டுவிட்டுக் கோரையை மட்டும் விட்டுவைத்தால் என்ன ஆகும்? மருந்துக்குச் சாகிற கிருமிகள் செத்து, தப்பியது மட்டும் இடம், சாப்பாடு எல்லாவற்றையும் தனதாக்கிக்கொண்டு பெருகும். தேவையில்லாமல் சாப்பிட்ட ஒவ்வொரு ஆன்டிபயாடிக்கும் குடலில் இந்த வேலையைத்தான் செய்கிறது. அங்கே நோய்க்கிருமியே இல்லாவிட்டாலும், சும்மா வாழ்ந்துகொண்டிருக்கும் நல்ல பாக்டீரியாக்களில் கோரை மிஞ்சும்.

பாக்டீரியா எப்படித் தப்புகிறது என்பதை நம் ஊர் வீட்டைக் கொண்டே சொல்லலாம். முகப்பில் நுழைந்தால் வளவு, இரண்டாம் கட்டு, பின்கட்டு என்று ஒரே நேர்க்கோட்டில் வாசல்கள். ஒரு தெருவில் புகுந்து அடுத்த தெருவில் வெளியேறலாம். மருந்து உள்ளே போக வேண்டிய சன்னலைச் சில கிருமிகள் குறுக்கிவிடும். சில கிருமிகள் பூட்டையே மாற்றிவிடும்; மருந்து என்ற சாவி அதில் நுழையாது. ஆஸ்பத்திரிகளை ஆட்டிப்படைக்கும் எம்.ஆர்.எஸ்.ஏ. (மெதிசிலின் என்ற ஆன்டிபயாடிக்குக்கு மசியாத ஸ்டஃபைலோகாக்கஸ் பாக்டீரியா) இந்த வகை. மெதிசிலின் புழக்கத்துக்கு வந்து ஓரிரு ஆண்டுகளிலேயே, 1961-இல் இங்கிலாந்தில் அது கண்டறியப்பட்டது. இன்னும் சில, முன்வாசலில் வந்த மருந்தைப் பின்கட்டு வழியே இறைத்து வெளியே தள்ளும். கிணற்றில் மோட்டார் ஓடுவதுபோல ஓயாமல் ஓடும் பம்புகள் அவற்றுக்கு உண்டு. நான்காவது வழிதான் நம் நாட்டில் அதிகம் தொல்லை தருவது. சாவி பூட்டைத் தொடும் முன்பே அதை முறித்துப்போடும் நொதி. பெனிசிலின் குடும்பத்தை முறிக்கும் அந்த நொதிக்கு பீட்டா லாக்டமேஸ் என்று பெயர். அமாக்சிசிலினோடு கிளாவுலானிக் அமிலம் சேர்த்த மாத்திரை பலர் வீட்டிலும் இருக்கும். கிளாவுலானிக் அமிலத்துக்குத் தனியாகக் கிருமியைக் கொல்லும் வலு பெரிதாக இல்லை. நொதியின் வாயில் போய் அடைத்துக்கொண்டு, அமாக்சிசிலினை முறியாமல் காப்பதுதான் அதன் வேலை.

இந்த வித்தைகள் எதுவும் மனிதன் கண்டுபிடித்த மருந்துக்குப் பிறகு முளைத்தவை அல்ல. ஆன்டிபயாடிக்குகளில் பலவும் மண்ணில் வாழும் நுண்ணுயிர்கள் ஒன்றையொன்று எதிர்க்கச் சுரப்பவை. 30,000 ஆண்டு உறைபனியில் கிடந்த மண்ணிலும் எதிர்ப்பு மரபணுக்களை எடுத்திருக்கிறார்கள். நாம் செய்தது, எங்கோ அரிதாகக் கிடந்ததைத் தேடித் தேடி வளர்த்துவிட்டதுதான். பெனிசிலினைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் ஃபிளெமிங், 1945-இல் நோபல் உரையிலேயே, அளவு குறைத்துச் சாப்பிட்டால் கிருமி மருந்தைத் தாங்கப் பழகும் என்று எச்சரித்துவிட்டார்.

கைமாற்றும் சீட்டு

தாயிடமிருந்து பிள்ளைக்கு மட்டும் இந்தத் திறன் போனால் வேகம் மட்டுப்பட்டிருக்கும். பாக்டீரியாக்கள் பக்கத்தில் இருப்பவற்றுக்கும் கொடுக்கும். பிளாஸ்மிட் என்ற சிறு வளைய வடிவ டி.என்.ஏ.வில் மூன்று நான்கு மருந்துகளுக்கான எதிர்ப்பு ஒன்றாக எழுதப்பட்டிருக்கலாம். ஒரு பாக்டீரியா இன்னொன்றோடு ஒட்டிக்கொண்டு அதன் நகலைக் கடத்திவிடும். வாங்குவது வேறு இனமாக இருந்தாலும் பரவாயில்லை. கோழிக் குடலில் இருந்த தீங்கற்ற இ.கோலை, மனிதக் குடலில் ஓரிரு நாள் தங்கிப் போகும்போது, அங்கிருக்கும் கிளெப்சியெல்லா என்ற வேறு பாக்டீரியாவுக்கு இந்தப் பிளாஸ்மிட் சீட்டைக் கொடுத்துவிட்டுப் போகலாம். ஆகவே "கோழிக்கு வரும் கிருமி வேற, மனுசனுக்கு வரும் கிருமி வேற" என்று ஆறுதல் கொள்ள வழியில்லை.

இரண்டு பெயர்களைத் தெரிந்துகொள்வது நல்லது. 2008-இல், புதுடெல்லியில் ஆஸ்பத்திரியில் இருந்து ஊர் திரும்பிய ஒரு ஸ்வீடன் நோயாளியிடம் என்.டி.எம்.-1 என்ற நொதி கண்டறியப்பட்டது. ஐ.சி.யூ.வில் வைத்துப் போடும் கார்பபெனம் ஊசிகளையே அது முறிக்கும். அதற்கு மேல் கையில் இருந்த சில மருந்துகளில் ஒன்று கொலிஸ்டின். சிறுநீரகத்தைப் பாதிக்கும் என்று ஒதுக்கிவைத்து, வேறு வழியில்லாமல் மறுபடி எடுத்த பழைய மருந்து. 2015-இல் சீனத்துப் பன்றிகளிலும் இறைச்சியிலும் கொலிஸ்டினுக்குத் தப்பும் எம்.சி.ஆர்.-1 மரபணு கிடைத்தது, அதுவும் பிளாஸ்மிட்டில். நமக்குக் கடைசி நம்பிக்கையாக இருந்த அதே மருந்து, எடை கூடட்டும் என்று கோழித் தீவனத்தில் கலந்து கொட்டப்பட்டு வந்தது. 2019 ஜூலையில்தான் இந்தியா உணவுக்கான விலங்குகளில் கொலிஸ்டினைத் தடை செய்தது. தாமதம்தான், ஆனாலும் செய்ய வேண்டிய வேலை அது.

2019-ஆம் ஆண்டில் மட்டும் உலகில் 12.7 லட்சம் பேர் மருந்துக்கு மசியாத பாக்டீரியாவால் நேரடியாக இறந்ததாக லான்செட் இதழில் 2022-இல் வந்த ஆய்வு கணக்கிட்டது.

கறியில் இருப்பது மருந்தா, கிருமியா?

"பிராய்லர் கோழி முழுக்க ஆன்டிபயாடிக்" என்று சொல்லும்போது இரண்டு வேறு விஷயங்களைப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். ஒன்று, கறியில் தங்கிவிட்ட மருந்தின் மிச்சம். மற்றொன்று, மருந்துக்குத் தப்பிய உயிருள்ள கிருமி. முதலாவது கொதித்தாலும் முழுதாகப் போய்விடும் என்று சொல்ல முடியாது. பல ஆன்டிபயாடிக்குகள் அடுப்புச் சூட்டைத் தாங்கும். இரண்டாவது, நன்றாக வெந்தால் செத்துவிடும். மருந்துக்குத் தப்பத் தெரிந்த கிருமிக்குத் தீயிலிருந்து தப்பத் தெரியாது. கறியின் நடுப்பகுதி 74 டிகிரி செல்சியஸைத் தொட்டால் சால்மோனெல்லாவும் இ.கோலையும் மிஞ்சாது.

அப்படியென்றால் செட்டிநாட்டுச் சமையலில் கவலை எங்கே? குழம்பில் இல்லை. மிளகும் சோம்பும் கல்பாசியும் போட்டு, எலும்பிலிருந்து கறி கழன்று வரும்வரை கொதிக்கும் கோழிக் குழம்பு பத்திரமானது. கவலை அந்தக் குழம்போடு இலையில் வரும் பச்சை வெங்காயத்தில். கோழியை வெட்டிய அரிவாள்மனையை ஒரு சொம்புத் தண்ணீர் விட்டு அலசிவிட்டு, அதிலேயே தயிர்ப் பச்சடிக்கு வெங்காயமும் கொத்தமல்லியும் நறுக்குகிறோம். அரிவாள் இரும்பு மரக்கட்டையில் இறங்கும் பொருத்தைக் கவனித்துப் பாருங்கள். அந்த இடுக்கில் கறுப்பாக ஒரு கோடு படிந்திருக்கும். ரத்தமும் கொழுப்பும் அங்கேதான் தங்கும். அலசும் தண்ணீர் அங்கே போகாது. பழைய பல் துலக்கும் பிரஷில் பாத்திரம் துலக்கும் சோப்பை எடுத்து அந்தப் பொருத்தைத் தேய்த்து, கொதிக்கும் நீரை ஊற்றி, வெயிலில் நிமிர்த்தி வைத்தால் சரியாகும். முடிந்தால் கறிக்கு ஒரு மனை, காய்க்கு ஒரு மனை. அதற்கும் முடியாதென்றால் காயை முதலில் நறுக்கி மூடி வைத்துவிட்டு, கறியைக் கடைசியில் தொடுங்கள். செலவில்லாத வழி இதுதான்.

அடுத்தது கழுவுவது. மஞ்சளும் கல்லுப்பும் போட்டு நாலு தண்ணீரில் கறியை அலசுவது நம் வழக்கம். மஞ்சள் கவிச்சியைக் குறைக்கும். கிருமியை அழிக்கும் அளவுக்கு அந்த இரண்டு நிமிடம் போதாது. குழாயைத் திறந்துவிட்டு அதன் அடியில் கறியைப் பிடிக்கும்போது, தெறிக்கும் துளிகள் பக்கத்தில் கவிழ்த்திருக்கும் தட்டு, டம்ளர் எல்லாவற்றிலும் விழும். கழுவாமல் சமைக்க மனம் ஒப்பாதவர்கள் அகலமான பாத்திரத்தில் தண்ணீர் நிரப்பி, கறியை அதில் மெல்ல அமிழ்த்தி எடுங்கள்; நீரை மெதுவாகச் சாய்த்து ஊற்றி, தொட்டியைச் சோப்புப் போட்டுத் தேயுங்கள். கையைச் சோப்பால் 20 விநாடி. கறியை எடுத்து வந்த பாலித்தீன் பையை மறுபடி எதற்கும் எடுக்க வேண்டாம்.

கிருமி கறிக்கு எப்படி வருகிறது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். அது சதைக்குள் ஊறிப்போயிருப்பதல்ல, குடலில் இருப்பது. கடையில் வயிற்றைக் கீறும்போது குடல் கிழிந்தாலோ, முடி பறிக்கும் இயந்திரத்தில் அடுத்தடுத்து கோழிகள் சுழலும்போதோ மேல்பரப்பில் பூசிக்கொள்கிறது. ஒரே வெட்டுக் கட்டையில் காலை முதல் மதியம் வரை எல்லாக் கோழியும் வெட்டப்படுவதால், காலையில் வந்த ஒரு கோழியின் கிருமி மதியம் வாங்குபவர் பைக்கும் போகும். மேல்பரப்பில் இருக்கும் கிருமி அடுப்பில் முதலில் சாகும். கைமா செய்தால் மேல்பரப்பு உள்ளே போய்விடுகிறது. கோலா உருண்டைக்குக் கைமாவை வேகவைக்காமல் பச்சையாக அரைத்துப் பிடிப்பவர்கள் உண்டு. எண்ணெய் அதிகமாகக் காய்ந்திருந்தால் வெளியே சிவந்து, நடுவில் பிசுபிசுவென்று நின்றுவிடும். நிதானமான தீயில் பொரித்து, ஒன்றைப் பிளந்து பார்த்துவிட்டு மற்றதை எடுங்கள்.

ஃப்ரீசரில் வைத்தால் கிருமி சாகாது, தூங்கும். ஆஃப் பாயிலில் மஞ்சள் கரு ஓடுகிறதென்றால் அது 74 டிகிரியைப் பார்க்கவில்லை என்று அர்த்தம். சிறு பிள்ளைகள், கர்ப்பிணிகள், வயதானவர்களுக்கு வேண்டாம்.

"நாட்டுக்கோழிதான் வாங்குறோம், பயமில்ல" என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. கொல்லையில் கோழி வளர்ப்பவர்கள் குஞ்சுகள் வெள்ளையாகக் கழியத் தொடங்கியதும், வீட்டில் மிச்சம் கிடக்கும் டெட்ராசைக்ளின் கேப்சூலைப் பிரித்துத் தண்ணீரில் கலந்து வைக்கிறார்கள். வெள்ளைக் கழிச்சல் வைரஸ் நோய். ஆன்டிபயாடிக் அதை அசைக்காது. குஞ்சு பொரித்து 7-ஆம் நாள் கண்ணிலும் மூக்கிலும் சொட்டு மருந்து, 8-ஆவது வாரம் இறக்கைக்கு அடியில் தடுப்பூசி, இதுதான் வழி. கால்நடை மருந்தகத்தில் கேட்டால் முகாம் எப்போது என்று சொல்வார்கள். மருந்து கலந்த தண்ணீரைக் குடித்த கோழி பிழைத்தால், அது தானாகப் பிழைத்ததுதான். குடலில் கோரை மிஞ்சியிருக்கும்.

தயிர் சொல்லும் சேதி

பாலில் ஆன்டிபயாடிக் மிச்சம் இருக்கிறதா என்று வீட்டில் கண்டுபிடிக்க உறுதியான வழி இல்லை. ஆனால் ஒரு சந்தேகத்தைத் தட்டிப்பார்க்கலாம். தயிரை உறைய வைக்கும் உறைமோரில் இருப்பதும் பாக்டீரியாதான். பெனிசிலின் வகை மருந்து சிறிதளவு இருந்தாலே அது முடங்கிவிடும். பால் தயிராகாமல் தண்ணியாக நிற்கும். உறைமோர் பழசு, பால் அதிகச் சூடு, மார்கழிக் குளிர் என்று வேறு காரணங்களும் இருப்பதால், ஒரே ஒரு முறை உறையாததை வைத்து எதுவும் சொல்லக் கூடாது. இரண்டு கிண்ணம் எடுங்கள். ஒன்றில் எப்போதும் நன்றாக உறையும் பால், மற்றதில் சந்தேகப் பால். இரண்டையும் காய்ச்சி, விரல் பொறுக்கும் 40 டிகிரி வாக்கில் ஆறியதும், ஒரே தயிரில் ஒரே அளவு ஒரு கரண்டி உறை ஊற்றி, ஒரே இடத்தில் மூடி வையுங்கள். சந்தேகப் பால் மட்டும் இரண்டு மூன்று முறை தொடர்ந்து உறையவில்லை என்றால், அதில் ஏதோ இருக்கிறது. மருந்தாக இருக்கலாம், கெடாமலிருக்கச் சேர்த்த வேறு பொருளாகவும் இருக்கலாம். பால் ஊற்றுபவரிடம் "மாட்டுக்கு மடி நோய் வந்துச்சாண்ணே, ஊசி போட்டீங்களா?" என்று நேராகக் கேளுங்கள். சண்டை போடுவதைவிட அதில் பலன் அதிகம்.

மாடு வைத்திருப்பவர்களுக்கு: மருந்து போட்டு முடித்த கடைசி டோஸிலிருந்து பாலை எத்தனை நாள் விற்கக் கூடாது என்று மருந்தின் லேபிளில் இருக்கும். இல்லையென்றால், நம் நாட்டு மருந்து விதிப்படி பாலுக்கும் முட்டைக்கும் குறைந்தது 7 நாள், கோழி, ஆடு, மாட்டுக் கறிக்கு 28 நாள். மீனுக்கு 500 டிகிரி நாள் என்று கணக்கு; அதாவது தண்ணீரின் டிகிரியை நாளால் பெருக்கினால் 500 வர வேண்டும். குளத்துத் தண்ணீர் 28 டிகிரி என்றால் சுமார் 18 நாள். அதிகம் நடக்கும் தப்பு ஒன்று உண்டு. வீங்கிய ஒரு காம்பில் டியூப் மருந்தை ஏற்றிவிட்டு, மற்ற மூன்று காம்புப் பாலைக் கறந்து ஊற்றிவிடுவார்கள். மருந்து ரத்தத்தில் கலந்து மற்ற காம்புகளுக்கும் வரும். நாலு காம்புப் பாலையும் தள்ள வேண்டும். கன்றுக்குட்டிக்கும் கொடுக்காதீர்கள், அதன் குடல்தான் அடுத்த நாற்றங்கால்.

இதைவிட மடி நோயே வராமல் பார்ப்பது லாபம். கறந்து முடித்த பிறகு காம்பின் துளை மூடிக்கொள்ளச் சுமார் அரை மணி நேரம் ஆகும். அந்த நேரத்தில் மாடு சாணத்தில் படுத்தால் கிருமி நேராக உள்ளே போகும். கறந்ததும் தொட்டியில் தீவனம் வைத்தால் நின்று தின்னும். தொடக்க நிலை மடி வீக்கத்துக்குச் சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள் தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம் அரைத்து, கழுவிய மடியில் நாளுக்குப் பத்து முறை, 5 நாள் பூசும் மூலிகை முறையைத் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் பரவலாக்கியிருக்கிறது. காய்ச்சல் கண்டு மாடு தீவனம் தள்ளினால் காத்திருக்காமல் டாக்டரைக் கூப்பிடுங்கள்.

தொண்டி, கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் பக்கமிருந்து நம் சந்தைக்கு வரும் கடல் மீனில் மருந்துப் பேச்சுக்கு இடம் குறைவு. பண்ணை இறாலில்தான் கவனம் தேவை. அங்கே குளோராம்பெனிகால், நைட்ரோஃபியூரான் வகை ஆன்டிபயாடிக்குகள் தடை செய்யப்பட்டவை. கோழி எருவைப் பச்சையாகக் கீரைப் பாத்திக்கு இடாதீர்கள். குவித்து ஈரமாக்கி, உள்சூடு 55 டிகிரிக்கு மேல் 15 நாள் நிற்கும்படி 5 முறை புரட்டிப்போட்டால் பெரும்பாலான கிருமி அடங்கும். ஊருணித் தண்ணீர் தெளிவாகத் தெரிந்தாலும் கழிவு கலக்கும் இடமென்றால் காய்ச்சித்தான் குடிக்க வேண்டும். தளதளவென்று ஒரு நிமிடம் கொதித்தால் போதும்.

சிவப்புக் கோடு

மாத்திரை அட்டையின் ஓரத்தில் மேலிருந்து கீழாகச் சிவப்புக் கோடு இருந்தால், சீட்டு இல்லாமல் வாங்கக் கூடாத மருந்து அது. 2014 மார்ச்சிலிருந்து எச்-1 அட்டவணை என்று ஒன்று நடைமுறையில் இருக்கிறது. செஃபிக்சைம், லீவோஃப்ளாக்சசின் போன்றவை அதில் வரும். அவற்றை விற்கும்போது டாக்டர் பெயர், நோயாளி பெயர், மருந்து, அளவு ஆகியவற்றைக் கடைக்காரர் தனிப் பதிவேட்டில் எழுதி 3 ஆண்டு வைத்திருக்க வேண்டும். கோடு தெரியாத கத்தரித்த அட்டையில் பெயரின் வாலைப் பாருங்கள்: சிலின், சைக்ளின், ஃப்ளாக்சசின், மைசின் என்று முடிந்தாலோ, செஃப் என்று தொடங்கினாலோ அது ஆன்டிபயாடிக்காகத்தான் இருக்கும். வயிற்றுப்போக்குக்குக் கேட்டதும் எடுத்துக் கொடுக்கும் ஓஃப்ளாக்சசினும் ஆர்னிடசோலும் சேர்ந்த மாத்திரையும் அதில் அடக்கம்.

சளி, மூக்கொழுகல், சாதாரண இருமல், டெங்கு எல்லாமே வைரஸ். சளி மஞ்சளாக, பச்சையாக மாறினாலும் அது மட்டும் ஆன்டிபயாடிக்குக்குக் காரணமல்ல. இருமல் இரண்டு மூன்று வாரம் இழுக்கும், அது இயல்பு. பிள்ளைகளின் தண்ணீர்ப் போக்குக்கு முதல் மருந்து ஓ.ஆர்.எஸ்.; 20.5 கிராம் பொட்டலத்தை 1 லிட்டர் காய்ச்சி ஆறிய நீரில் முழுதாகக் கரைக்க வேண்டும், பாதிப் பொட்டலம் ஒரு டம்ளரில் என்று கண்ணளவு வேண்டாம். அதோடு துத்தநாகம் 14 நாள், 6 மாதத்துக்கு மேற்பட்ட பிள்ளைக்கு நாளுக்கு 20 மில்லிகிராம், அதற்குக் கீழ் 10. மலத்தில் ரத்தம், மூச்சுத் திணறல், அசந்து கிடப்பது, சிறுநீர் குறைவது, மூன்று நாளைத் தாண்டிய காய்ச்சல் என்றால் வீட்டில் வைத்துக்கொண்டிருக்கக் கூடாது.

"கோர்ஸை முடிக்கணும்" என்ற பழைய சொல்லில் ஒரு திருத்தம் வந்திருக்கிறது. பல நோய்களுக்குக் குறைந்த நாளே போதும் என்று இப்போது தெரிகிறது; நீட்டிக்கொண்டே போனால் குடலில் கோரைதான் கூடும். அதனால் டாக்டர்கள் 10 நாள் என்பதை 5 நாளாகக் குறைப்பது அலட்சியமல்ல. ஆனால் அந்த முடிவு அவருடையது. இரண்டாம் நாள் காய்ச்சல் விட்டதும் நாமாக நிறுத்தி, மீதியை அலமாரியில் அடுத்த காய்ச்சலுக்கு எடுத்துவைப்பது வேறு. காசநோயில் ஒரு நாள்கூட இந்தத் தாராளம் செல்லாது.

கல்ச்சர் என்றால் என்ன

எந்த மருந்து கேட்கும் என்று ஊகிக்காமல் கிருமியிடமே கேட்கும் சோதனை கல்ச்சர். நீர்க்கடுப்புக்கு இது அடிக்கடி எழுதப்படும். முதல் ஆன்டிபயாடிக் மாத்திரை வாயில் போடும் முன்பே சிறுநீரைக் கொடுக்க வேண்டும். ஒரு மாத்திரை உள்ளே போய்விட்டாலும் தட்டில் கிருமி வளராமல் போகலாம். சுத்தம் செய்துகொண்டு, முதலில் வருவதை விட்டுவிட்டு நடுவில் வருவதை, ஆய்வகம் தரும் டப்பாவிலேயே பிடிக்க வேண்டும். வீட்டில் கழுவிய ஊறுகாய் பாட்டில் ஆகாது. 2 மணி நேரத்துக்குள் போய்ச் சேர வேண்டும். தாமதமானால் ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வையுங்கள். புதுவயலிலிருந்து காரைக்குடிக்கு வெயிலில் பஸ்ஸில் எடுத்துப்போனால், வழியிலேயே 20 நிமிடக் கணக்கு ஓடத் தொடங்கிவிடும்.

ஆய்வகத்தில் வளர்த்தெடுத்த கிருமியை, கடல்பாசி ஜெல்லி போன்ற தட்டு முழுக்கத் தேய்த்து, மருந்தில் தோய்த்த 6 மி.மீ. வட்டக் காகிதங்களை மேலே வைத்து, ஓரிரவு 35 டிகிரியில் வைப்பார்கள். காலையில் பார்த்தால் தட்டு முழுக்க வெண்மையாகக் கிருமி படர்ந்திருக்கும். கேட்கும் மருந்தைச் சுற்றி மட்டும் தெளிவான வட்டம். கேட்காத மருந்தின் காகிதத்தை ஒட்டி உரசிக்கொண்டு கிருமி நிற்கும். வட்டத்தை அளந்து எஸ், ஐ, ஆர் என்று எழுதுவார்கள். எஸ் என்றால் கேட்கும். ஆர் என்றால் கேட்காது. ஐ என்றால் அளவைக் கூட்டினால் அல்லது மருந்து சேரும் இடத்தைப் பொறுத்துக் கேட்கலாம்.

ரிப்போர்ட்டைக் கையில் வாங்கியதும் பெரும்பாலோர் செய்யும் தப்பு, எண்களை ஒப்பிடுவது. பெரிய வட்டம் உள்ள மருந்துதான் வலுவானது என்று எடுத்துக்கொள்கிறார்கள். ஒவ்வொரு மருந்துக்கும் அளவுகோல் தனி. இப்போது புழங்கும் அமெரிக்க அளவுகோலின்படி இ.கோலைக்கு 20 மி.மீ. வட்டம் ஆம்பிசிலினில் எஸ். அதே 20 மி.மீ. சிப்ரோஃப்ளாக்சசினில் ஆர். எழுத்தைத்தான் பார்க்க வேண்டும், அதிலும் எஸ் போட்டவற்றில் எதை எடுப்பது என்பதை நோய் இருக்கும் இடம் தீர்மானிக்கும். நைட்ரோஃபுரண்டாயின் சிறுநீர்ப்பையில் நன்றாக வேலை செய்யும். ரத்தத்தில் பரவிய தொற்றுக்கு உதவாது. இன்னொன்று: எரிச்சலோ காய்ச்சலோ எதுவும் இல்லாமல், செக்கப்பில் எடுத்த கல்ச்சரில் மட்டும் கிருமி வந்திருந்தால், கர்ப்பிணிகள், சிறுநீர்ப் பாதையில் ஆபரேஷன் செய்யவிருப்பவர்கள் போன்ற சிலரைத் தவிர மற்றவர்களுக்கு மருந்தே தேவையில்லை. வயதான பெண்களுக்கு இது சகஜம். ரிப்போர்ட்டைக் குணப்படுத்த அப்பத்தாவுக்கு மாத்திரை கொடுக்காதீர்கள்.

பழைய கல்ச்சர் ரிப்போர்ட்டுகளை ஒரு ஃபைலில் போட்டு வையுங்கள். டாக்டர் முதலில் கேட்பது, கடந்த 3 மாதத்தில் என்ன ஆன்டிபயாடிக் எடுத்தீர்கள் என்பதைத்தான். அதைப் பார்த்துத்தான் எதைத் தவிர்ப்பது என்று முடிவு செய்வார். கத்தரித்துக் கொடுத்த நாலு மாத்திரையில் பெயர் எழுதிய பக்கம் கடையிலேயே நின்றுவிட்டிருக்கும். "வெள்ளையா, நீளமா இருந்துச்சுங்க" என்று சொன்னால் அவரால் எதுவும் செய்ய முடியாது. மாத்திரை வாங்கும்போதே பெயரும் பேட்ச் எண்ணும் எழுதிய பில்லைக் கேட்டு வாங்கி அதே ஃபைலில் போடுங்கள்.